அமேடியஸ்: படம் சொன்ன பொய் எது?

கேள்வி இது: "அமேடியஸ் படத்தை இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். கடைசி அரைமணி நேரம் அழுதுகொண்டே இருந்தேன். மேற்கத்திய சங்கீதம் படித்த நண்பரிடம் சொன்னால், 'அத்தனையும் கட்டுக்கதை, சாலியேரி பாவம்' என்று கோபப்படுகிறார். இணையத்திலும் பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள். சாலியேரி உண்மையிலேயே மொசார்ட்டைக் கொன்றாரா? படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

கொல்லவில்லை. அமேடியஸ், இசையமைப்பாளர் மொசார்ட்டையும் அவர் காலத்து வியன்னா அரசவை இசையமைப்பாளர் சாலியேரியையும் பற்றிய ஆங்கிலப் படம்; பொறாமையால் சாலியேரி மொசார்ட்டை அழித்ததாக அதில் கதை. நிஜத்தில் மொசார்ட் 1791 டிசம்பர் 5 அன்று வியன்னாவில் இறந்தார். வயது 35. உடம்பெல்லாம் தடிப்போடு வரும் கடுங்காய்ச்சல் என்று இறப்புப் பதிவில் எழுதியிருக்கிறது. அது இன்றைய கணக்கில் எந்த நோய் என்று மருத்துவர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். விஷம் வைத்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் நண்பர் கோபப்படும் இடம் தவறு என்றுதான் நான் சொல்வேன். படத்தில் கோபப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அது இந்தக் கொலைக்கதை அல்ல. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொலைக்கதையைப் படம் கண்டுபிடிக்கவில்லை. மொசார்ட் இறந்த மாதமே, உடல் வீங்கியிருந்ததால் விஷமாக இருக்கலாம் என்று பெர்லின் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டது. சாலியேரியின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது பல வருஷம் கழித்து. 1823ல் அவர் முதுமையில் மனம் தடுமாறி மருத்துவமனையில் கிடந்தார். மொசார்ட்டைக் கொன்றது நான்தான் என்று அவரே சொன்னதாக வியன்னா முழுக்கப் பேச்சு. காது கேட்காத பீத்தோவனிடம் பேச வருகிறவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுவார்கள். அந்த நோட்டுகளிலும் இந்த வதந்தி இருக்கிறது. அதே வருஷம் சாலியேரியைப் பார்க்கப் போன அவருடைய மாணவர் மொஷெலஸிடம், சத்தியமாக இதில் துளியும் உண்மையில்லை, ஊருக்குச் சொல் என்று கிழவர் கெஞ்சியிருக்கிறார். ஊர் கேட்கவில்லை. 1830ல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் இதைக் குறுநாடகம் ஆக்கினார். 1897ல் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதையே ஓபராவாக, அதாவது முழுக்கப் பாடியே நடிக்கும் நாடகமாக, இசைத்தார். 1979ல் பீட்டர் ஷாஃபர் லண்டன் மேடைக்குக் கொண்டுவந்தார். 1984ல் மிலோஷ் ஃபோர்மன் அந்த நாடகத்தைப் படமாக எடுத்தார். ஆக, சினிமாவுக்கு வரும் முன்பே இந்தக் கதைக்கு நூற்றைம்பது வயது தாண்டியிருந்தது. படத்திலும் விஷக் கோப்பை எதுவும் கிடையாது. ஒரு கிழவர் பைத்தியக்கார விடுதியில் உட்கார்ந்து, நான் கொன்றேன் என்று பாதிரியாரிடம் சொல்கிறார். நாம் பார்ப்பதெல்லாம் அவர் வாயால் வருவது. இதைக் கவனிக்காமல் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் இதை வரலாறு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பார்வையாளர்களின் முதல் எரிச்சல் கொலையைப் பற்றியது கூட இல்லை, மொசார்ட்டின் சிரிப்பைப் பற்றியது. மொசார்ட்டாக நடித்த டாம் ஹல்ஸ் கீச்சுக் குரலில் சிரிக்கும் அந்தச் சிரிப்பும், வாயைத் திறந்தால் வரும் கக்கூஸ் பேச்சும் பலருக்குப் பொறுக்கவில்லை. நாடகம் வந்தபோதே பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான இசையை எழுதியவர் இப்படிக் கொச்சையாகப் பேசியிருக்கவே முடியாது என்று இயக்குநர் பீட்டர் ஹாலைக் கடிந்துகொண்டார். மொசார்ட்டின் கடிதங்களிலேயே இருக்கிறது என்று ஹால் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஹால் சொன்னதுதான் சரி. ஆக்ஸ்பர்கில் இருந்த சித்தப்பா மகள் மரியா அன்னா தெக்லாவுக்கு மொசார்ட் எழுதிய கடிதங்களைப் படித்தால், படத்தில் வருவது மிகவும் அடக்கமான பேச்சு என்று தோன்றும். வீட்டில் எல்லாருமே, அம்மா உட்பட, அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். அதனால் இந்தப் புகாரை நான் ஏற்பதில்லை. பெரிய இசை எழுதியவர் பெரிய மனுஷராகவும் நடந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்முடையது. மொசார்ட் அதற்குப் பொறுப்பில்லை.

அமெரிக்க உச்சரிப்பு பற்றிய புகார் சின்ன விஷயம். வியன்னாக்காரர்கள் எந்த ஆங்கிலம் பேசினாலும் அது வேஷம்தான்.

சாலியேரிக்கு வருவோம். நண்பரின் கோபத்தில் நியாயம் இருப்பது இங்கேதான். படத்தில் அவர் கடவுளுக்குப் பிரம்மச்சரிய விரதம் நேர்ந்துகொண்டவர், திறமை இல்லாதவர், தன் திறமையின்மையை உணர்ந்து உள்ளுக்குள் புழுங்குகிறவர். நிஜ சாலியேரிக்கு மனைவியும் எட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். இத்தாலியில் லெனியாகோ என்ற ஊரில் 1750ல் பிறந்து, சிறு வயதில் பெற்றோரை இழந்து, காஸ்மன் என்ற இசையமைப்பாளரின் கைபிடித்து 15 வயதில் வியன்னா வந்தவர். 1788ல் அரசவை இசையின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். பாரிஸில் அவருடைய ஓபராக்கள் சக்கைப்போடு போட்டன. தனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்த நன்றிக்காக, மாணவர்கள் பலரிடம் அவர் காசே வாங்கவில்லை. பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூவரும் அவரிடம் படித்தவர்கள். பீத்தோவன் தன் முதல் மூன்று வயலின் சொனாட்டாக்களை அவருக்குத்தான் சமர்ப்பித்தார். மொசார்ட் இறக்கும்போது நாலு மாதக் குழந்தையாக இருந்த மகன் ஃப்ரான்ஸ் சேவர் வளர்ந்ததும் சாலியேரியிடம் பாடம் கேட்டான். புருஷனைக் கொன்றவன் என்று சந்தேகம் இருந்தால் எந்தத் தாய் பிள்ளையை அங்கே அனுப்புவாள்?

போட்டி இருந்தது, அதை மறைக்க வேண்டாம். அரசவையில் இத்தாலியர்கள் கூட்டுச் சேர்ந்து தன்னை அமுக்குகிறார்கள் என்று மொசார்ட் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். ஒரு இளவரசிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை தனக்கு வராமல் சாலியேரிக்குப் போனதில் அவருக்கு மனத்தாங்கல். 1786 பிப்ரவரி 7 அன்று ஷோன்ப்ரூன் அரண்மனையின் நீளமான கூடத்தில், பேரரசர் இரண்டாம் ஜோசப் இருவரின் குட்டி ஓபராக்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து நடத்திப் பார்த்தார். மொசார்ட்டுக்கு 50 டுகாட் பொற்காசு, சாலியேரிக்கு 100. வயிறு எரிய வேண்டியவர் யார் என்று இந்தக் கணக்கே சொல்லும்.

அதற்கு முந்தைய வருஷம், 1785ல், இருவரும் சேர்ந்தே ஒரு பாட்டுக்கு இசையமைத்திருக்கிறார்கள். நான்ஸி ஸ்டோரஸ் என்ற பாடகிக்குக் குரல் போய்த் திரும்பி வந்ததைக் கொண்டாடி, கவிஞர் டா போன்டே எழுதிய பாட்டு. அது தொலைந்துபோனது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2015ல் ப்ராகில் உள்ள செக் இசை அருங்காட்சியகத்தில் அதன் அச்சுப்பிரதி கிடைத்தது, மறு வருஷம் அதை வாசித்தும் காட்டினார்கள். அமேடியஸ் படத்தை எடுத்ததும் ப்ராகில்தான். மொசார்ட்டின் டான் ஜியோவானி ஓபரா 1787ல் முதலில் அரங்கேறிய அதே தியேட்டரில் ஃபோர்மன் கேமராவை வைத்தார். சாலியேரியைக் கொலைகாரராகக் காட்டிய படம் உருவான ஊரிலேயே, இருவரும் கூடி வேலை செய்ததற்கான தாள் அகப்பட்டிருக்கிறது.

இன்னொரு சாட்சி மொசார்ட்டே. இறப்பதற்கு ஏழு வாரம் முன்பு, 1791 அக்டோபர் 14 அன்று மனைவி கான்ஸ்டன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் மேஜிக் ஃப்ளூட் ஓபராவுக்கு சாலியேரியை வண்டி வைத்துக் கூட்டிப்போனதாகவும், தொடக்கத்திலிருந்து கடைசிக் கோரஸ் வரை ஒவ்வொரு உருப்படிக்கும் அவர் பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே இருந்ததாகவும் அதில் பெருமை பொங்க எழுதியிருக்கிறார்.

இனி நான் சொன்ன அந்தக் கோபத்துக்குரிய இடம். படத்தில் கான்ஸ்டன்ஸ் கணவனுக்குத் தெரியாமல் அவருடைய கையெழுத்துத் தாள்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு சாலியேரியிடம் வருவாள். இவை பிரதிகள் அல்ல, மூலமே இதுதான், அவர் பிரதி எடுப்பதில்லை என்பாள். சாலியேரி ஒரு தாளைப் பார்ப்பார், பின்னணியில் அந்த இசை எழும். அடுத்த தாளுக்குக் கண் போகும்போது இசை பாதியில் அறுந்து அடுத்தது தொடங்கும். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. கடவுள் சொல்லச் சொல்ல எழுதியது போல. கை தளர்ந்து தாள்கள் தரையில் சிதறும். சாலியேரியாக நடித்த எஃப். முர்ரே ஆபிரகாமுக்கு ஆஸ்கர் கொடுக்க இந்த ஒரு காட்சியே போதும். பார்த்தவர்கள் எல்லாரும் மறக்காமல் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் அது பொய். மொசார்ட்டின் கையெழுத்துப் பிரதிகளில் அடித்தல்கள் உண்டு, முன்வரைவுகள் உண்டு, பாதியில் கைவிட்டவை ஏராளம். 1782 முதல் 1785 வரை எழுதிய ஆறு குவார்ட்டெட்டுகளை, நாலு வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் இசையை, அவர் மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்குச் சமர்ப்பித்தார். நீண்ட, கடினமான உழைப்பின் பலன் இவை என்று சமர்ப்பணத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பிரதிகளில் திருத்தங்கள் நிறைய. அவர் மனசிலேயே வெகுதூரம் இசையமைத்துவிடுவார் என்பது உண்மைதான். எல்லாம் இசையமைத்தாகிவிட்டது, இன்னும் எழுதத்தான் இல்லை என்று ஒருமுறை அப்பாவுக்கு எழுதியதும் உண்டு. மனசில் செய்தாலும் அது வேலைதானே. ஆறு வயதில் ஊர் ஊராக வாசிக்கத் தொடங்கி, லண்டனிலும் பாரிஸிலும் இத்தாலியிலும் கேட்டதையெல்லாம் காதில் சேர்த்து, போகிற இடத்திலெல்லாம் படித்து வளர்ந்தவர் அவர். மகனுக்குப் பாடம் சொல்லவே தன் சொந்த இசையைக் கைவிட்டவர் அப்பா லியோபோல்ட். அத்தனை உழைப்பையும் படம் ஒரே காட்சியில் துடைத்துவிட்டு, வரம் வாங்கி வந்த குழந்தை என்று காட்டுகிறது. சாலியேரிக்குச் செய்த அநியாயத்தைவிட இது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம். ஏனென்றால் இதற்கு மறுப்புச் சொல்ல அதிகம் பேர் கிளம்பவில்லை. சாலியேரி கொலைகாரர் இல்லை என்று எழுத ஆயிரம் பேர் வருகிறார்கள். வாத்தியம் கற்கும் பிள்ளை இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, எனக்கு அப்படித் தானாக வரவில்லையே, அப்போது எனக்கு வரமில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டினால், அதைத் திருத்த யாரும் இல்லை.

ஆச்சரியம் என்னவென்றால், நீங்கள் அழுத அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் படமே தன் பொய்யைத் திருத்திக்கொள்கிறது. மொசார்ட் படுக்கையில் கிடந்தபடி ரெக்வியம் என்ற இறந்தோருக்கான பூசை இசையின் 'கன்ஃப்யூட்டேட்டிஸ்' பகுதியைச் சொல்லச் சொல்ல சாலியேரி எழுதும் காட்சி. ஏ மைனர். முதலில் அடிக்குரல் ஆண்கள். மொசார்ட் பாடிக்காட்டுகிறார், அந்த வரி மட்டும் தனியாக நம் காதில் கேட்கிறது. பிறகு டெனர் எனும் மேல்ஸ்தாயி ஆண் குரல்கள். அதே சுரங்களில் கூடவே பஸூனும் ட்ராம்போனும். அடுத்து ட்ரம்பெட், டிம்பனி. சாலியேரிக்குப் புரியவில்லை, வேகமாகப் போகிறாய், நில் என்கிறார். புரிந்ததும் முகம் மலர்கிறது. பிறகு நெருப்பு மாதிரி வயலின் கூட்டம். எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்ட பின் மொத்தமும் சேர்ந்து ஒலிக்கிறது. மேற்கத்திய சங்கீதமே கேட்டறியாதவருக்கும் ஒரு ஸ்கோர் எப்படி அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது என்பது அந்தச் சில நிமிடங்களில் விளங்கிவிடும். வேர்வை வழிய, மூச்சு வாங்க, ஒவ்வொரு கல்லாக எடுத்துவைக்கும் கொத்தனார் போல மொசார்ட் அங்கே வேலை செய்கிறார். நிஜமான மொசார்ட் அந்த ஆள்தான்.

நிஜத்தில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாலியேரி இல்லை. ரெக்வியத்தை எழுதச் சொன்னது வால்செக் என்ற பிரபு. 1791 பிப்ரவரியில் 20 வயதில் இறந்துபோன மனைவியின் நினைவுக்கு, தான் எழுதியது என்று சொல்லி நடத்திக்கொள்ள ஆசைப்பட்டு, ரகசியமாக ஆள் அனுப்பினார். மர்மத் தூதன் வந்தது இப்படித்தான். மொசார்ட் முடிக்காமல் போனதை முடித்தவர் அவருடைய உதவியாளர் சூஸ்மாயர். படத்தில் மொசார்ட் சொல்லும் ட்ராம்போன், ட்ரம்பெட், டிம்பனி எதுவும் கன்ஃப்யூட்டேட்டிஸின் மூலப்பிரதியில் அவர் கையால் இல்லை. குரல்களும் அடிநாதமும் ஆங்காங்கே வயலின் வரிகளும்தான் இருக்கின்றன. மீதியை மற்றவர்கள் நிரப்பினார்கள். சவ அடக்கத்தின்போது ஒலித்து உங்களை அழவைத்த 'லாக்ரிமோசா'வில் மொசார்ட் எழுதியது முதல் எட்டு பார், அதாவது தாளக் கட்டம், மட்டும். அதற்குப் பிறகு வருவது சூஸ்மாயர். இதைச் சொல்வது உங்கள் கண்ணீரைக் குறைக்க அல்ல. 25 வயது உதவியாளன் ஒருவன், காசுக்குத் தவிக்கும் விதவைக்காக, பேர் கிடைக்காது என்று தெரிந்தே குருவின் எழுத்தைப் போல எழுதிக்கொடுத்த இசை அது. அதற்கும் அழலாம்.

அந்த அடக்கத்தையும் படம் மிகைப்படுத்துகிறது. சாக்கு மூட்டையாகப் பொதுக்குழியில் தள்ளியதாகக் காட்டுகிறார்கள். உண்மையில், ஆடம்பரச் சாவுச்சடங்குகளை ஜோசப் பேரரசர் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம் அது. வியன்னாவின் நடுத்தரக் குடும்பங்கள் செய்த மாதிரியே, 8 குல்டன் 56 க்ராய்ட்சர் செலவில் எளிய அடக்கம். கல்லறைக்குக் கல் வைக்காததும் அன்றைய வழக்கம்தான். கடன் இருந்தது நிஜம், நண்பர் புக்பெர்கிடம் பணம் கேட்டு எழுதிய கடிதங்கள் மனதைப் பிசையும். ஆனால் அவர் சம்பாதிக்காதவர் அல்ல.

சரி, இத்தனை தவறு இருந்தும் இந்தப் படத்தை நான் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? காதுக்காக. படத்தின் தொடக்கத்தில் சாலியேரி கழுத்தை அறுத்துக்கொண்டு கிடக்க, தெருவில் தூக்கிக்கொண்டு ஓடும்போது பொங்கி வரும் இசை எங்கேயோ கேட்டதாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். அது 25ஆம் சிம்பொனி, மொசார்ட் 17 வயதில் எழுதியது. நம் வீட்டு டிவியில் டைட்டன் வாட்ச் விளம்பரத்தில் வருஷக்கணக்காக ஒலித்தது அதன் முதல் பகுதிதான். ஓசூரில் செய்த கடிகாரத்துக்கு சால்ஸ்பர்க் பையனின் இசை. அந்த மெட்டை மென்மையாகவே கேட்டுப் பழகிய நமக்கு, அதற்குள் இவ்வளவு பதற்றம் இருப்பதைக் காட்டியது இந்தப் படம்.

அதைவிட முக்கியமான காட்சி, பதின்மூன்று வாத்தியங்களுக்கான செரனேட். தொடக்கம் சாதாரணமாக இருக்கிறது, பஸூனும் பாஸெட் ஹார்னும் ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருக்கின்றன. திடீரென்று உச்சியில் ஓபோ என்ற குழல் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கிறது. அது தளரும் முன் கிளாரினெட் வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. இதைக் கிழவர் சாலியேரி கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, நாம் அதையே கேட்கிறோம். எப்படிக் கேட்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்த வேறு படம் எனக்குத் தெரியாது. பின்னணி இசைக்குப் பொறுப்பேற்ற நெவில் மாரினர், மொசார்ட்டின் ஒரு சுரத்தையும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார். இசைத்தட்டு அமோகமாக விற்று கிராமி வாங்கியது. படம் எட்டு ஆஸ்கர் வாங்கிய மேடையில், வேறொரு படத்துக்காகச் சிறந்த இசை விருது பெற்ற மாரிஸ் ஜார், மொசார்ட் போட்டியில் இல்லாதது தன் அதிர்ஷ்டம் என்றார்.

சாலியேரிக்கும் இதனால் நஷ்டம் மட்டும் இல்லை. படத்தில் அவர் தன் மெட்டுகளை வாசித்துக் காட்டுவார், பாதிரியாருக்கு எதுவும் தெரியாது. மொசார்ட்டின் குட்டி இரவு இசையை வாசித்ததும் பாதிரியார் கூடவே முணுமுணுப்பார். 1823ல் அந்த மெட்டு அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை, அது அச்சானதே சுமார் 1827ல். ஆனால் 1984ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பாதிரியாரின் நிலையில்தான் இருந்தார்கள். படம் பார்த்த பிறகுதான், இந்த ஆள் நிஜமாக என்னதான் எழுதினார் என்று தேடத் தொடங்கினார்கள். பாடகி சிசீலியா பார்டோலி 2003ல் முழுக்க சாலியேரி பாடல்களாகவே ஒரு தொகுப்பு வெளியிட்டார். மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கம் 1778ல் அவருடைய ஓபராவோடுதான் முதலில் திறக்கப்பட்டது. பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 2004 டிசம்பரில் மறுபடி திறந்தபோதும் இசை நடத்துநர் ரிக்கார்டோ மூட்டி அதே ஓபராவை நடத்தினார். கேட்டுப் பாருங்கள், திறமையில்லாதவர் எழுதிய இசை அல்ல அது.

கடைசியாக, எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. 1984 பதிப்பு சுமார் 160 நிமிடம், 2002ல் வந்த இயக்குநர் பதிப்பு 180 நிமிடம். இரண்டாவதில், தாள் கட்டோடு வந்த கான்ஸ்டன்ஸை சாலியேரி இரவில் வரச்சொல்லி அவமானப்படுத்தி அனுப்பும் காட்சி முழுசாக இருக்கிறது. அது இல்லாமல் பார்த்தால், கடைசியில் அவள் சாலியேரியைக் கண்டதும் ஏன் அப்படி வெறுப்போடு நிற்கிறாள் என்பது சரியாகப் புரியாது. நிஜ கான்ஸ்டன்ஸ் படத்தில் வருவது போல வெகுளிப் பெண்ணும் அல்ல. கச்சேரிகள் ஏற்பாடு செய்து, கையெழுத்துப் பிரதிகளைப் பேரம் பேசி விற்று, கடனை அடைத்து, மொசார்ட்டின் வாழ்க்கை வரலாறு அச்சேறும்வரை விடாமல் நின்று, 1842 வரை வாழ்ந்தவர். மறுபடி பார்ப்பதானால் நீளப் பதிப்பைப் பாருங்கள். நண்பரையும் கூட்டிவைத்துக்கொண்டு, அந்த ஓபோ சுரம் வரும் இடத்தில் மட்டும் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.